கடற்கரைப் பள்ளியில் அணிவகுப்பு இசைக்குழு அமைக்கும் முறை

அணிவகுப்பு இசைக்குழு ஒன்றைத் தொடங்கலாம் என்று முடிவெடுத்ததும் பள்ளிகள் முதல் வேலையாகக் கருவிகளின் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கும். நான் சொல்ல விரும்புவது அதற்கு நேர்மாறானது. முதல் இரண்டு மாதங்களுக்கு எந்தக் கருவியும் வேண்டாம், பிள்ளைகள் நடக்கட்டும். தாளம் காலில் ஊன்றிய பிறகு கைக்கு வந்தால், அந்தக் கை எந்தக் கூட்டத்திலும் தடுமாறாது. முதல் நாளே குச்சியைக் கையில் கொடுத்துவிட்டால், நின்ற இடத்தில் அழகாக வாசிக்கிற பிள்ளைகூட நடக்கத் தொடங்கியதும் வாசிப்பை விட்டுவிடும், அல்லது நடையை விட்டுவிடும்.

மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி என்று ஒரு பக்கமும், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று மறுபக்கமும் நீளும் ராமநாதபுரம் கடற்கரையின் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் வகுப்பில் நடத்துவது கணக்கு. மாலையில் நடத்துவது இசைக்குழு. இசைப் பட்டம் பெற்றிருந்தால்தான் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதில்லை. சீராக எண்ணத் தெரிந்தவரும், பிள்ளைகளின் வீட்டு நிலவரம் அறிந்தவரும், ஒரே விஷயத்தை மறுபடியும் மறுபடியும் சொல்லச் சலிக்காதவரும் செய்யக்கூடிய வேலை இது.

முதலில் நடை

விரைவு நடைக்குப் பரவலாக வழங்கும் அளவு நிமிடத்துக்கு 120 காலடி. ஒரு காலடிக்கு 30 அங்குலம், அதாவது ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். இது வளர்ந்த படைவீரர்களுக்கு ஏற்ற அளவு. ஆறாம் வகுப்புப் பிள்ளை 75 சென்டிமீட்டர் எட்டி வைக்க முயன்றால் இடுப்பு ஆடும், தலை ஏறி இறங்கும், வாயில் பியூகிள் என்னும் ஊதுகொம்பு இருந்தால் அது பல்லில் இடிக்கும். ஆகையால் காலடியை 60 சென்டிமீட்டருக்குக் குறைத்து, வேகத்தை நிமிடத்துக்கு 100 என்று தொடங்கி, பல வாரங்களில் மெல்ல மெல்ல 116, 120 என்று உயர்த்துங்கள். மைதானத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, சீராகத் தட்டு ஒலி தரும் மெட்ரோனோம் செயலி கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது; அதைப் பள்ளி ஒலிபெருக்கியில் இணைத்துவிட்டால் முதல் வாரத்துக்கு வேறெதுவும் தேவையில்லை.

நம் பள்ளி மைதானங்கள் பலவும் மணற்பாங்கானவை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மணலில் குதிகால் புதைந்து ஒவ்வொரு காலடியும் சற்றுப் பின்னுக்கு வழுக்குவதால், பிள்ளைகள் தம்மை அறியாமலே கூடுதல் விசை கொடுத்து நடக்கப் பழகிவிடுகிறார்கள். அதே பிள்ளைகளைக் கெட்டித் தரையில் நடக்கவிட்டால் தாளத்தை முந்திக்கொண்டு போவார்கள். எனவே வாரத்தில் ஒரு நாளாவது காலை வணக்கக் கூட்டம் நடக்கும் சிமென்ட் தளத்தில் பயிற்சி கொடுப்பது நல்லது.

சேர்ந்து நடப்பதை இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பலர் விடுமுறை நாள்களில் கயிற்றைப் பிடித்தும் இருப்பார்கள். வலையின் இரு கயிறுகளையும் இரண்டு வரிசையாகப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கையில், ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் அழுத்தம் விழும் இடமும், குதிகால் மணலில் ஊன்றும் இடமும், தோள் இழுக்கும் இடமும் ஒன்றாக இருக்கும். இல்லாவிட்டால் வலை நகராது. இதையே முதல் பாடமாக வையுங்கள். நீளமான கயிறு ஒன்றை மைதானத்தில் போட்டு, அதன் மறுமுனையை ஒரு மரத்தில் கட்டி, பிள்ளைகளை வரிசையாகப் பிடிக்கச் சொல்லி, அவர்களுக்குத் தெரிந்த இழுவைப் பாட்டையே பாடவிட்டு நின்ற இடத்தில் காலூன்றி இழுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அத்தனை கால்களும் ஒன்றாகும். பிறகு கயிற்றை அவிழ்த்துக் கையில் மட்டும் பிடிக்கச் செய்து, அதே பாட்டோடு பின்னோக்கியும் முன்னோக்கியும் நடக்கவிடுங்கள். கடைசியில் கயிற்றை எடுத்துவிட்டாலும் அந்த ஒற்றுமை போகாது. பாட்டு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஆசிரியர் ஏற்காமல், ஊரில் கயிறு பிடித்துப் பழகிய பிள்ளை ஒருவரிடம் விடுவது மிகவும் முக்கியம். வகுப்பில் கடைசி இருக்கையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் பையன் அங்கே நின்று முப்பது பேரை நடத்துவதை மற்ற ஆசிரியர்களும் வந்து பார்க்க வேண்டும்.

இடது கால் எது என்பதில் குழப்பம் வருகிற சிறு பிள்ளைகளுக்கு இடது கணுக்காலில் வலைக் கயிற்றுத் துண்டு ஒன்றைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இசைக்குழுவில் பேஸ் டிரம் என்னும் பெருமுரசின் கனத்த அடி இடது காலுக்கு உரியது என்பதால், இந்தப் பழக்கம் முதலிலேயே படிய வேண்டும். டிரம் வராத நாள்களில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் குடம் அந்த வேலையைச் செய்யும்.

சில பிள்ளைகள் இடது காலோடு இடது கையையும் வலது காலோடு வலது கையையும் வீசுவார்கள். இதைக் கத்தித் திருத்த முடியாது. சாதாரணமாக நடக்கும்போது எவருக்கும் எதிர்க் கைதான் முன்னே வரும். நடையை உற்றுக் கவனிக்கத் தொடங்கும்போதுதான் இந்தக் குழப்பமே வருகிறது. ஆகவே அந்தப் பிள்ளையை ஒரு தோழனோடு பேசிக்கொண்டே குழாயடி வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் திரும்பி வருகையில், ஒன்றும் சொல்லாமல், அவர்களின் காலடிக்குப் பொருந்துகிற வேகத்தில் குடத்தைத் தட்டத் தொடங்குங்கள். கை தானாகச் சரியாக வீசிக்கொண்டிருக்கும். பிறகு அந்த வேகத்தை மட்டும் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகலாம். பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் சிரிக்காமல் இருக்க, அவர்களுக்கும் அந்த நேரத்தில் வேறொரு வேலை கொடுத்திருக்க வேண்டும்.

வாயால் சொல்லி, கையால் தட்டி

கால் ஊன்றிய பிறகு கைப் பயிற்சிக்கு வரலாம். மிருதங்க வித்துவான் சி.எஸ். முருகபூபதி பிறந்த மாவட்டம் இது. தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு நமக்குப் புதிதன்று. சைடு டிரம் என்னும் சிறு முரசின் அடிப்படைப் பாடங்களை ஆங்கிலப் பெயர்களில் மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, வாயால் சொல்ல வைத்தால் விரைவில் வருகிறது. இரண்டு தட்டு, நான்கு தட்டு நடைகளுக்குத் ‘தகதிமி’. மேற்கத்திய இசையில் 6/8 என்று எழுதப்படும் துள்ளல் நடைக்குத் ‘தகிட தகிட’; ஒவ்வொரு ‘தகிட’வின் முதல் எழுத்திலும் ஒரு கால் விழும். நாள்தோறும் காலையில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து திஸ்ர நடையில் அமைந்தது என்பதால், மூன்று எண்ணிக்கை பிள்ளைகளின் காதில் முன்பே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டினால் போதும்.

நீண்டு ஒலிக்கும் உருட்டுதான் சைடு டிரம்மின் உயிர். ஒவ்வொரு கையும் இரண்டிரண்டு அடியாக, வலது வலது, இடது இடது என்று மாறிமாறி விழ வேண்டும். ‘அம்மா அப்பா அம்மா அப்பா’ என்று சொல்லிக்கொண்டே தட்டச் சொல்லுங்கள். ‘அம்மா’ முழுவதும் வலது கை, ‘அப்பா’ முழுவதும் இடது கை. மெதுவாகச் சொன்னால் தனித்தனி அடிகளாகக் கேட்பது, வேகம் கூடக்கூட ஒரே ஒலியாக உருளும். இரண்டாவது அடி முதல் அடியைவிட மெலிந்து போவதுதான் எல்லாருக்கும் வரும் குறை. அதற்கு மருந்து, வேகத்தைக் கூட்டாமல் இருப்பதும், ‘மா’வையும் ‘பா’வையும் அழுத்திச் சொல்ல வைப்பதும்தான். ‘தகதிமி’யை வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது என்று கைமாற்றித் தட்டுவது அடுத்த பாடம்; இடது கையின் சோம்பலைப் போக்குவதற்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் அறியேன்.

இவற்றைப் பழக டிரம் தேவையில்லை. ஒரு சாண் அகலப் பலகையின் மேல் பழைய செருப்பின் ரப்பரை ஒட்டினால் பயிற்சிப் பலகை கிடைத்துவிடும். பிள்ளைகள் அதை வீட்டுக்கும் கொண்டுபோகலாம், அக்கம்பக்கத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். குச்சியை மூன்றில் ஒரு பங்கு பின்னே விட்டுக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, மற்ற விரல்களைத் தளர்வாகச் சுற்றிவிட வேண்டும். டிரம்மை இடது தொடையில் சாய்த்துத் தொங்கவிடும் பழைய முறையில் இடது கைப்பிடி உள்ளங்கை மேல்நோக்கியதாக மாறும். டிரம் சாய்ந்திருப்பதனால் வந்த பழக்கம் அது. தோளில் மாட்டும் சட்டத்தில் டிரம் சமமாக நின்றால் இரு கைகளுக்கும் ஒரே பிடி போதும். புதிதாகத் தொடங்கும் பள்ளி இதையே தேர்ந்துகொள்ளலாம்.

இங்கே பிள்ளைகளின் விரல்களைப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் அப்பாவோடு நண்டு வலையில் நண்டு கழற்றிவிட்டு வரும் பிள்ளையின் சுட்டுவிரல் ஓரத்தில் வலையின் நைலான் நரம்பு கீறிய கோடுகள் இருக்கும், கட்டைவிரலில் கொடுக்குக் கடித்த தழும்பு இருக்கும், உப்புத் தண்ணீர் பட்டு அவை ஆறாமல் வெளுத்திருக்கும். அந்த விரலோடு குச்சியைச் சரியாகப் பிடிக்க முடியாது. குச்சி நழுவுவதைக் கண்டதும் ‘கவனம் இல்லை’ என்று சொல்லுமுன் கையைத் திருப்பிப் பாருங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குச் சொற்கட்டைச் சொல்லும் வேலையையோ தாளம் எண்ணும் வேலையையோ கொடுங்கள். முதலுதவிப் பெட்டி கருவி அறையிலேயே இருக்கட்டும்.

எந்தக் கருவிகளை வாங்குவது

முப்பது பேருக்குள் இருக்கும் குழுவுக்கு ஒரு பேஸ் டிரம், ஒரு இணை சிம்பல் (மோதி ஒலிக்கும் உலோகத் தட்டுகள்), இரண்டு டெனர் டிரம் (நடுத்தர முரசு), ஆறு அல்லது எட்டு சைடு டிரம், மீதிப் பேருக்குப் பியூகிளும் புல்லாங்குழலும் என்று அமைத்துக்கொண்டால் போதுமானது. பேஸ் டிரம்மும் சிம்பலும் ஐரோப்பியப் படைகளின் இசைக்குழுக்களுக்குள் வந்தது 18ஆம் நூற்றாண்டில், மெஹ்தர் எனப்படும் துருக்கியப் படை இசைக்குழுக்களைப் பார்த்துத்தான். அதுவரை அங்கே நடையைத் தாங்கிய சிறு முரசும் குழலும் இன்றும் ஒரு பள்ளிக் குழுவை நடத்தப் போதுமானவை என்பதால், பணம் குறைவாக இருந்தால் அவற்றோடு தொடங்கலாம்.

பேஸ் டிரம்மை உயரமும் உடம்பும் உள்ள பையனிடம் கொடுப்பது எங்கும் வழக்கமாக இருக்கிறது. நான் வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். எல்லாரையும் கண்ணை மூடி நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு, நடுவில் தாளத்தை நிறுத்திவிடுங்கள். ஒலி இல்லாதபோதும் வேகம் மாறாமல் கால் மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை யாரோ, அவரிடம் கொடுங்கள். அது பெரும்பாலும் அதிகம் பேசாத ஒரு பெண்ணாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். 24 அங்குல விட்டத்துக்கு மேற்படாத டிரம்மாக இருந்தால் சுமையும் தாங்கும். குழுவின் வேகம் முழுவதும் அந்த ஒருவர் கையில் இருக்கிறது என்பதை மற்றவர்கள் முன்னிலையில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பியூகிளில் வால்வு கிடையாது. குழாயின் நீளம் மாறாததால், உதட்டின் இறுக்கத்தை மாற்றி இயற்கையாக எழும் சுரங்களை மட்டுமே வாசிக்க முடியும். பயன்படுவன ஐந்து: கீழ் ஸ, ப, அடுத்த ஸ, அதன் க, ப. முழு வரிசை இல்லாத இந்தக் கருவியில் கீர்த்தனையையோ திரைப் பாடலையோ வாசிக்க முயல்வது வீண் வேலை. அழைப்பொலிகளும் தாளத்துக்கு எடுப்பான குறுஞ்சொற்றொடர்களுமே அதற்குப் பொருந்தும். உதட்டை அதிர வைத்து ஊதும் வித்தையைக் கற்பிக்க நம்மிடம் சங்கு இருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சங்கு குளிப்பவர்களின் வீடுகள் தெரியும். ஊதுவதற்குத் துளையிட்ட சங்கு ஒன்றைக் கொடுத்தால், கன்னத்தை உப்பாமல், உதடுகளைச் சேர்த்துக் காற்றைக் குறுக்கி விடுவது எப்படி என்று ஓரிரு நாளில் பிடிபடும். அங்கிருந்து பியூகிளின் வாய்த்துண்டுக்கு மாறுவது எளிது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வாய்த்துண்டு வாங்குவதே முறை. இயலாவிட்டால் கைமாறும் ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

மெட்டை வாசிக்கும் பொறுப்பைப் புல்லாங்குழலுக்கு விடுங்கள். மேற்கத்திய அணிவகுப்பு மெட்டுகளில் பெரும்பகுதி, நம் சங்கராபரண ராகத்தின் சுரங்களையே கொண்ட வரிசையில் அமைந்தவை. முத்துசாமி தீட்சிதர் (1775-1835) தம் காலத்தில் இசைக்குழுக்கள் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதச் சாகித்தியம் அமைத்து நோட்டுஸ்வரங்களாகத் தந்தார். இரு மரபுகளையும் ஏற்கெனவே இணைத்து வைத்திருக்கும் இந்தச் சிறு உருப்படிகள் பள்ளிக் குழுவுக்கு மிகப் பொருத்தமானவை. பாடத் தெரிந்த பிள்ளை சுரத்தைப் பாடும், குழல் அதைப் பின்பற்றும், டிரம் கீழே நடையைத் தாங்கும்.

காற்றும் உப்பும்

காற்று நம் கரையில் இசைக்குழுவின் இன்னொரு உறுப்பினர். ஆகஸ்டு 15 விழாவின்போது மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து கச்சான் வீசும். ஜனவரி 26 அன்று வடகிழக்கிலிருந்து வாடை. தரையோரம் மெதுவாகவும் மேலே வேகமாகவும் காற்று வீசுவதால், காற்றுக்கு எதிராகப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கி வளையும். காற்றுக்கு எதிர்ப்புறம் நிற்கும் அணிக்குப் பேஸ் டிரம் கேட்காமல் போவதற்குக் காரணம் இதுதான். எனவே குழுவை ஆண்டு முழுதும் ஒரே மூலையில் நிறுத்தாதீர்கள். ஆகஸ்டில் மைதானத்தின் தென்மேற்குப் பக்கமாகவும் ஜனவரியில் வடகிழக்குப் பக்கமாகவும் நகர்த்தி நிறுத்தினால், அணிவகுப்பின் பெரும்பகுதி காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் அமையும்.

இதோடு ஒலியின் வேகத்தையும் கணக்கிட வேண்டும். இதை நான் வகுப்பிலேயே கணக்காகக் கொடுக்கிறேன். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். டிரம்மிலிருந்து 35 மீட்டர் தள்ளி நடப்பவருக்கு அடி பத்தில் ஒரு நொடி தாமதமாகக் கேட்கும். நிமிடத்துக்கு 120 என்றால் ஒரு காலடிக்கு அரை நொடி. ஆகவே அவர் ஐந்தில் ஒரு பங்கு காலடி பிந்துவார். நான்கு அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக 70 மீட்டர் நீளத்துக்குப் போகும்போது, முன்னே செல்லும் இசைக்குழுவின் காலும் கடைசி அணியின் காலும் ஐந்தில் இரண்டு பங்கு காலடி விலகித் தெரிவது இதனால்தான். பிள்ளைகள் யாரும் தவறாக நடக்கவில்லை; ஒவ்வொருவரும் தமக்குக் கேட்டதற்குச் சரியாகவே நடக்கிறார்கள். குழுவை ஊர்வலத்தின் தலையில் விடாமல் மைதானத்தின் நடுப்பகுதியை ஒட்டி நிறுத்தினால் இந்த வேறுபாடு பாதியாகும். மீதியைச் சரிசெய்ய, அணித் தலைவர்கள் காதை நம்பாமல் பேஸ் டிரம் அடிப்பவரின் கையைக் கண்ணால் பார்த்துக் காலை வைக்கப் பழக வேண்டும். அதற்காகவே அந்தக் கோலின் தலையை வெள்ளைத் துணியால் சுற்றி, தோள் உயரம் வரை வீசி அடிக்கச் சொல்லுங்கள்.

மெட்டு எத்தனை முறை வர வேண்டும் என்பதும் கணக்குத்தான். 60 சென்டிமீட்டர் காலடியில் நிமிடத்துக்கு 72 மீட்டர் நடக்கலாம். 200 மீட்டர் சுற்றுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் 47 நொடி. நான்கு தட்டுகள் கொண்ட 16 ஆவர்த்தன மெட்டு 32 நொடியில் முடியும் என்பதால், ஐந்து முறை முழுவதும் வாசித்து ஆறாவது முறை நடுவில் நிற்க வேண்டியிருக்கும். அந்த இடத்தை முன்கூட்டியே முடிவுசெய்து, பேஸ் டிரம்மின் இரட்டை அடியை நிறுத்தத்துக்குரிய அடையாளமாகப் பழக்கிவிடுங்கள்.

உப்புக் காற்று கருவிகளை விடாது. உப்புத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், துடைக்காமல் விட்ட பித்தளையில் சில நாள்களிலேயே பச்சைக் களிம்பு ஏறும். பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். மெருகுப் பூச்சு இல்லாத பித்தளையைப் புளியால் தேய்த்து உடனே கழுவலாம். பூச்சோ நிக்கல் முலாமோ உள்ளதைப் புளி கெடுத்துவிடும். சைடு டிரம்மின் இறுக்குத் திருகுகளுக்கு மாதம் ஒரு முறை தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தோல் முகம் உள்ள டிரம் மழைக்கால ஈரத்தில் தளர்ந்து, உலர்ந்ததும் இறுகும். ஈரத்தில் முறுக்கி வாசித்த டிரம்மைத் தளர்த்தாமல் வைத்தால் தோல் கிழிந்துபோகும். பிளாஸ்டிக் முகத்துக்கு இந்தக் கவலை கிடையாது என்பதால், கரையோரப் பள்ளிகளுக்கு அதையே சொல்வேன்.

கடலின் நாள்காட்டி

பயிற்சி அட்டவணையைப் பள்ளி நாள்காட்டியை மட்டும் பார்த்துப் போட முடியாது. பாக் விரிகுடாப் பக்கத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப் படகுகளுக்கு மற்ற நாள்கள் என்ற ஏற்பாடு இருக்கிறது. எந்தப் பிள்ளையின் வீட்டில் எந்தப் படகு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், யார் எந்தக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வருவார் என்பது தெரிந்துவிடும். “எங்கப்பா இன்னிக்குத்தான் கரைக்கு வந்தாக சார்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்று மாலை அவர் பயிற்சிக்கு வராததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. கடல்பாசி எடுக்கப் போகும் தாய்மார்களின் பெண்கள் அந்த நாள்களில் வீட்டில் சமைத்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களை ‘ஒழுங்காக வராதவர்’ என்று குழுவிலிருந்து நீக்குவது பெரிய அநியாயம். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு பேரைப் பழக்கிவிட்டால் யாருடைய வராமையும் குழுவை நிறுத்தாது. ஒருவர் விட்டதை மற்றவரே கற்றுக் கொடுப்பார். பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கும்போது வாயிலிருந்து வரும் சொற்கட்டு, நான் சொல்வதைவிடத் தெளிவாக இருப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூனில் பல வீடுகளில் கையில் பணம் இருக்காது. சீருடைக்கும் காலணிக்கும் அந்த மாதத்தில் பணம் கேட்காதீர்கள். வெள்ளைச் சட்டையும் ஒரே நிறத் தோள்பட்டைத் துணியும் முதல் ஆண்டுக்குப் போதும். பயிற்சிக்கு ஏற்ற நேரம் காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நாலரைக்குப் பிறகு. மூடிய வகுப்பறையில் டிரம் வாசிக்க விடாமல் வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போங்கள். பிள்ளைகளின் காது கெடக் கூடாது.

விழா நாளில்

தேசிய கீதத்தை இசைக்குழு வாசிப்பதற்கு மத்திய அரசின் விதி இருக்கிறது. கீதத்துக்கு முன்னே டிரம் உருட்டு வர வேண்டும். மெதுநடையின் ஏழு காலடி நேரம் அது நீளும். மெல்லத் தொடங்கி, இயன்ற உச்சத்துக்கு ஏறி, மறுபடியும் மெல்லத் தணிந்து, ஏழாவது அடி வரை கேட்க வேண்டும். ஒரு தட்டு மௌனத்துக்குப் பிறகே கீதம் தொடங்கும். முழுக் கீதம் ஏறக்குறைய 52 நொடி. இந்த உருட்டை ஒரு தனிப் பாடமாகவே வைத்துப் பழக்குங்கள், ஏனெனில் ‘அம்மா அப்பா’வில் வந்த கைக்கு உச்சத்துக்கு ஏறுவது எளிது, சீராகத் தணிவதுதான் கடினம். தமிழ்த்தாய் வாழ்த்தின்போது கருவிகள் ஓய்வாக இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட அதை 55 நொடியில் வாய்ப்பாட்டாகப் பாடுவதே முறை. இசைக்குழுப் பிள்ளைகளே முன்னின்று பாடட்டும்.

அணிவகுப்பைத் தொடங்கி வைக்க, மூன்று காலடி நீள உருட்டு இரண்டு முறை. அதைத் தொடர்ந்து இடது காலில் முதல் அடி. விழாவுக்கு முந்தைய நாள் முழுப் பயிற்சி வேண்டாம். குச்சிகளை எண்ணி, திருகுகளைச் சரிபார்த்து, உருட்டையும் நிறுத்தத்தையும் மட்டும் இரண்டு முறை செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காலையில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்களா என்று கேட்டு, சாப்பிடாமல் வந்தவர்களுக்கு இட்லியாவது வாங்கி வைத்திருங்கள். வெயிலில் நின்று மயங்கி விழும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள்.

ஜனவரி 26 முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்காக விடுவித்துவிட வேண்டும். அதற்கு முன் ஒவ்வொருவரும் ஆறாம், ஏழாம் வகுப்பிலிருந்து ஒருவரைத் தமக்குப் பதிலாகத் தேர்ந்தெடுத்து, தம் கருவியின் எண்ணையும் அதன் குறைகளையும், எந்தத் திருகு இறுகாது, எந்தப் பட்டை தொடையில் உரசும் என்பது உட்பட, ஒரு நோட்டில் எழுதி அவரிடம் ஒப்படைக்கட்டும். புதியவர்களுக்குப் பிப்ரவரியில் கயிறும் கவிழ்த்த குடமும் போதும். கருவிகளை அவர்கள் ஏப்ரலில் தொட்டால் போதுமானது.